வாசலில் ஒரு மூடி

சரவணம்பட்டி
ஏப்ரல் 14, 2024

துளசிக்கு,

கவரின் மேல் அனுப்புநர் பெயர் போடவில்லை. பெயரைப் பார்த்துவிட்டுப் பிரிக்காமலே வைத்துவிடுவாயோ என்றுதான். மோகனா உன் போன் நம்பரைக் கொடுத்தாள். அழுத்திப் பார்த்தேன், மணி அடிப்பதற்குள் நிறுத்திவிட்டேன். நீ எடுத்திருந்தால் இரண்டு பேரும் என்ன பேசியிருப்போம்? அதனால் எழுதுகிறேன்.

மோகனாவும் மாப்பிள்ளையும் குழந்தை கயலும் மேல்மாடிக்குக் குடிவந்து மூன்று மாதம் ஆகப்போகிறது. அவளுடைய ஆபீஸ் இங்கிருந்து நடந்துபோகிற தூரம். சத்தியமங்கலத்தில் நீ தனியாக வளர்த்த பெண் என் வீட்டுக்கு வந்து இருப்பதில் உனக்கு வருத்தம் இருக்கும். நான் கூப்பிடவில்லை, அவளாகத்தான் வந்தாள். வந்ததில் எனக்குச் சந்தோஷம் என்பதையும் மறைக்க மாட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பாத்ரூமில் தண்ணீர் சரியாக இறங்குவதில்லை. ஊற்றினால் குடகுடவென்று சத்தம் போட்டுத் திரும்பி மேலே வருகிறது. நான் ஒருவனாக இருந்தவரை வாசலில் இருக்கிற கழிவுத் தொட்டி நிறையவே இல்லை. இப்போது நான்கு பேர். போன வாரம் செப்டிக் டேங்க் லாரியைக் கூப்பிட்டோம். டிரைவர் ஹோஸைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஏனுங்ணா, மூடி எங்கீங்க இருக்குது?"

நான் நின்றுகொண்டே இருந்தேன். "அப்பா, கேக்கறாருங்கல்ல, சொல்லுங்ப்பா" என்றாள் மோகனா. தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன்.

"மூடியக் கண்டுபுடிச்சு மேல ஏத்தி வெச்சுப்போட்டுக் கூப்புடுங்க. மண்ணத் தோண்டறது எங்க வேலை இல்லீங்க" என்று அவர் போய்விட்டார்.

எனக்குத் தெரியாமல் இருக்குமா துளசி? நம் பையன் விழுந்த இடம். மேலே சிலாப் போட்டு, இரண்டடி உயரத்துக்கு மண் கொட்டி மூடியவன் நான்தான். பிறகு வாசல் முழுக்கச் சிமெண்ட் கல் பதித்தபோதும் அந்த ஒரு சதுரத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னேன். கொத்தனார் காளிச்சாமி ஏன் என்று கேட்டார். அப்படியே கிடக்கட்டும் என்றேன்.

இப்போது அதைத் தோண்டியெடுத்து, மூடியைத் தரைமட்டத்துக்கு உயர்த்த வேண்டும். உன்னைக் கேட்காமல் அங்கே கடப்பாரை போட எனக்கு மனம் வரவில்லை. சரி என்றோ வேண்டாம் என்றோ ஒரு வரி எழுது.

பொங்கியண்ணன்


சத்தியமங்கலம்
ஏப்ரல் 22, 2024

மோகனா அப்பாவுக்கு,

கையெழுத்தைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்துவிட்டது. பெயர் போட்டிருந்தாலும் பிரித்திருப்பேன். அவ்வளவு சின்னப்பிள்ளைத்தனம் எனக்கு இல்லை.

வேண்டாம். நீங்கள் கேட்ட ஒரு வரி இதுதான்.

ஆனால் ஒரு வரியோடு நிறுத்த முடியவில்லை. அன்றைக்கு அந்த இடத்தை மூடினீர்களே, என்னைக் கேட்டா மூடினீர்கள்? மூடும்போது கேட்காதவர் திறக்கும்போது மட்டும் எதற்குக் கேட்கிறீர்கள்? திறந்தால் என்ன ஆகும் என்ற பயம் உங்களுக்கு. அதில் பாதியை என் தலையில் இறக்கிவைக்கப் பார்க்கிறீர்கள்.

வேறு தொட்டி கட்டுங்கள். சரவணம்பட்டியில் வானத்தைத் தொடுகிற மாதிரி கட்டடம் கட்டுகிறார்கள், ஒரு தொட்டி கட்ட முடியாதா? அதுவரை மோகனாவை வேறு வீடு பார்க்கச் சொல்லுங்கள். நானும் சொல்கிறேன். அங்கே போகாதே என்று ஏற்கெனவே சொன்னேன். "அப்பா தனியா இருக்காங்கம்மா, வயசாச்சுல்ல" என்றாள். எனக்கும்தான் வயதாகிறது. என்னை இங்கே பவானி ஆற்றங்கரையில் விட்டுவிட்டுப் போனாள். அது போகட்டும்.

கயலுக்கு இந்த ஆனியில் மூன்று வயது. அந்த வயதில் கால் ஒரு இடத்தில் நிற்காது. அந்த வாசலில் இன்னொரு மூடியா? மண்ணுக்கு அடியில் இருக்கிறதே, அப்படியே இருக்கட்டும்.

போன் வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்தது நல்லது. எழுதுங்கள். எழுத்து என்றால் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே நடந்துவிட்டு வரலாம்.

துளசிமணி


சரவணம்பட்டி
மே 19, 2024

துளசிக்கு,

உன் கடிதத்தை மதித்து ஒரு மாதம் சும்மா இருந்தேன். இனி இருக்க முடியாது. என்ன நடந்தது என்று எழுதுகிறேன், படித்துவிட்டுத் திட்டு.

நேற்று மதியம் இங்கே நல்ல மழை. மழை விட்டதும் கயல் மூன்று சக்கர சைக்கிளோடு வாசலில் இறங்கிவிட்டாள். நான் வராந்தாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கல் பதிக்காத அந்தச் சதுரத்தில் முன்சக்கரம் ஏறியது. ஏறிய இடம் அப்படியே உள்ளே அமுங்கியது. ஒரு சாண் ஆழம்தான் இருக்கும். சக்கரம் சிக்கி வண்டி நின்றது. அவள் அதை ஒரு விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள்.

நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்துவிட்டார். குழந்தையைப் பிடுங்கித் தூக்கிக்கொண்டு கேட் வரைக்கும் ஓடினேன். எதற்கு ஓடினேன் என்று எனக்கே தெரியாது. மோகனா மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

"என்னங்ப்பா ஆச்சு? புள்ள சைக்கிள் ஓட்டுனா இப்பிடிக் கத்துவீங்ளா?"

கயல் அழுதுகொண்டே என் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

இன்று காலை காளிச்சாமியை வரவழைத்தேன். நீளமான கம்பியை மண்ணுக்குள் இறக்கித் தட்டிப் பார்த்தார். "அண்ணா, கீழ சிலாப்பு நல்லா இல்லீங்க. உள்ள கம்பி துருப்புடிச்சு உப்பிப்போச்சு. மேல இருக்கற மண்ணு எறுகி நிக்கறதாலதான் நிக்குது. இன்னும் நாலு மழை பேஞ்சா எறங்கிரும்ங்க" என்றார்.

மண்ணுக்கு அடியில் இருப்பது அப்படியே இருக்கட்டும் என்று எழுதியிருந்தாய். நானும் இத்தனை காலம் அப்படித்தான் நினைத்தேன். அது அப்படியே இல்லை துளசி. கீழே கொஞ்சம் கொஞ்சமாக உளுத்துக்கொண்டிருந்திருக்கிறது. மேலிருந்து பார்க்கிற நமக்குத் தெரியவில்லை. மூடி வெளியே இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும், எப்போதோ மாற்றியிருப்பேன்.

புதுத் தொட்டிக்கு இடமில்லை. ஒரு பக்கம் போர்வெல், இன்னொரு பக்கம் பக்கத்து அபார்ட்மெண்ட் சுவர். அப்படியே கட்டினாலும் பழைய தொட்டி அங்கேதான் இருக்கப்போகிறது. இன்னொன்றும் நடந்தது. லாரி திரும்பிப் போன செய்தி கேட்டு ஒருவர் வந்தார். "மூடியெல்லாம் எதுக்குங்க, பைப் பக்கமா ஒடச்சு நானே எறங்கி அள்ளிப்போடறனுங்க" என்றார். மாப்பிள்ளை வயதுதான் இருக்கும் அவருக்கு. சட்டம் கூடாது என்கிறது, அது ஒரு பக்கம். அந்தத் தொட்டிக்குள் இன்னொரு உயிரை நான் இறக்க மாட்டேன். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

ஏன் மூடினேன் என்று கேட்டிருந்தாய். நீ வாசல்படியில் உட்கார்ந்து அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாய். சாப்பிடவில்லை. கைக்குழந்தை மோகனா உள்ளே கத்திக்கொண்டிருந்தாள், உன் காதில் விழவில்லை. அதை உன் கண்ணிலிருந்து எடுத்துவிட்டால் நீ எழுந்துவிடுவாய் என்று நினைத்தேன். நீ எழுந்தாய். எழுந்து பெட்டியை எடுத்துக்கொண்டு சத்திக்குப் போய்விட்டாய். மணல் லாரியை வாசலுக்குள் விட்டு மூடி மேல் ஏற வைத்தவன் நான் என்ற கோபத்தில்தான் போனாய் என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது அந்த இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, நாற்காலிகளைப் போட்டு வைத்திருக்கிறேன். வேலையைத் தொடங்க வேண்டும். இந்தத் தடவை உன்னிடம் கேட்கவில்லை. சொல்கிறேன்.

பொங்கியண்ணன்


சத்தியமங்கலம்
மே 25, 2024

மோகனா அப்பாவுக்கு,

சைக்கிள் சக்கரம் அமுங்கியது வரைக்கும் படித்துவிட்டுக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். மோகனாவுக்குப் போன் போட்டு, கயலைப் பேசச் சொல்லி, அவள் குரலைக் கேட்ட பிறகுதான் மிச்சத்தைப் படித்தேன்.

தோண்டுங்கள்.

ஆனால் சில விஷயங்கள் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

மணல் லாரி பின்பக்கமாக வந்து ஏறியதில் மூடி விரிசல் விட்டது. நீங்கள் பார்க்கவில்லை, நான் பார்க்கவில்லை, அந்த டிரைவரும் பார்க்கவில்லை. மாடி கட்டுகிற வீட்டில் லாரி வராமல் எப்படி இருக்கும்? அதற்காக உங்களை நான் ஒருநாளும் குறை நினைத்ததில்லை. நீங்கள் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். நீங்கள் கேட்கவில்லை. நானாகச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

நான் அந்த ஓட்டையையே ஏன் பார்த்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? எனக்குப் பார்க்க வேறு இடம் இல்லை. அவனைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஆம்பளைகள் எல்லாரும் போனீர்கள். பெண்கள் வரக்கூடாது என்று எங்களை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். எந்த மண்ணில் வைத்தீர்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கடைசியாக அவன் கால் பட்ட இடம் என்று எனக்கு இருந்தது அந்த வாசல் ஒன்றுதான். அடுத்த நாள் நான் குளித்துவிட்டு வருவதற்குள் அதையும் மூடிவிட்டீர்கள். மண்ணைத் தட்டி, மேலே சாணி தெளித்து, எதுவுமே நடக்காத வீட்டு வாசல் மாதிரி ஆக்கிவைத்திருந்தீர்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் எங்கே நிற்பது?

அதனால்தான் போனேன். கோபம் இருந்தது. ஆனால் அது நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிற கோபம் இல்லை.

இன்னொன்று. இரண்டு கடிதம் எழுதினீர்கள். 'நம் பையன்' என்று ஒரே ஒரு இடத்தில் வருகிறது. பெயர் எதிலும் இல்லை. ஜோசியர் எழுதிக் கொடுத்த எழுத்து வேண்டாம் என்று சண்டை போட்டு அந்தப் பெயரை வைத்தவர் நீங்கள்தான்.

இனி மூடிக்கு வருகிறேன். அங்கன்வாடியில் வேலை பார்த்த காலம் முழுக்க, காலையில் குழந்தைகள் வருவதற்கு முன்னால் காம்பவுண்டைச் சுற்றி வருவேன். வழியில் இருக்கிற ஒவ்வொரு மூடி மேலும் ஏறி நின்று பார்ப்பேன். "டீச்சர் எடை பாக்கறாங்க" என்று ஆயா சிரிப்பாள். ஏன் என்று அவளுக்கு நான் சொன்னதில்லை. அதனால் மூடியைப் பற்றி எனக்குத் தெரியும். ஒரு ஆள் தனியாகத் தூக்க முடியாத கனம் இருக்க வேண்டும். மூடிக்குக் கீழே இரும்புக் கம்பிவலை ஒன்று, தனியாக. மூடியே போனாலும் வலை தாங்க வேண்டும். தரையை விட நான்கு விரல் உயரமாக இருக்கட்டும், அப்போதுதான் வண்டி எதுவும் மேலே ஏறாது, மழைத்தண்ணீரும் உள்ளே போகாது. அதன் மேல் பூந்தொட்டி, மிதியடி என்று எதையும் வைத்து மறைக்கக் கூடாது.

மோகனாவிடம் சொல்லிவிடுங்கள். நீங்களே சொல்லுங்கள். அண்ணன் தண்ணீரில் விழுந்துவிட்டான் என்று மட்டும்தான் அவளுக்கு நான் சொல்லி வளர்த்தேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

துளசிமணி


சரவணம்பட்டி
ஜூன் 9, 2024

துளசிக்கு,

தமிழ்ச்செல்வன்.

எழுதிவிட்டேன். இந்தக் கடிதத்தை இந்த இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்து போனேன். காபி குடித்துவிட்டு வந்து மீதியை எழுதுகிறேன்.

வியாழக்கிழமை தோண்டினோம். காளிச்சாமியும் அவருடன் ஒருவரும் வந்தார்கள். தெரிந்த பட்டறையிலிருந்து இரும்பு முக்காலியும் கனம் தூக்குகிற செயின் பிளாக்கும் கொண்டுவந்து நிறுத்தினேன். அவர்கள் தோண்டத் தோண்ட நான் பக்கத்திலேயே நின்றேன். சிலாப் தெரிந்ததும் காளிச்சாமி கையைக் காட்டி என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். நடுவில் குறுக்காக விரிசல். செயினில் மாட்டித் தூக்கும்போதே இரண்டாக உடைந்தது. ஒரு துண்டு செயினில் தொங்கியது, இன்னொன்று உள்ளே விழுந்தது. அந்தச் சத்தத்தைப் பற்றி உனக்கு எழுத மாட்டேன்.

எல்லாரையும் மாடிக்கு அனுப்பிவிட்டு, வாயு போகட்டும் என்று மதியம் வரை திறந்து வைத்துக் காவல் இருந்தேன். லாரி வந்தது. ஹோஸ் மட்டும்தான் உள்ளே இறங்கியது, ஆள் யாரும் இறங்கவில்லை. காலியானதும் டார்ச் அடித்து மேலிருந்து எட்டிப் பார்த்தேன். என்ன இருக்கும் என்று பயந்தேனோ தெரியவில்லை. செங்கல் சுவர், கீழே கொஞ்சம் சேறு, உடைந்த சிலாப் துண்டு. வெறும் தொட்டி துளசி. இத்தனை காலம் அந்த வாசலில் கால் வைக்கும்போதெல்லாம் நான் ஒதுங்கி ஒதுங்கிப் போனது இதற்குத்தான்.

தொட்டி வாயைச் சுற்றிச் சிமெண்ட் வளையம் வைத்து, பூசி, தரைக்கு மேலே நான்கு விரல் வரை கொண்டுவந்தாயிற்று. நீ சொன்ன கம்பிவலையும் போட்டுவிட்டேன். வெல்டிங் கடையில் மூடி தயாராகிறது. அதுவரை கனமான இரும்புத் தகடு ஒன்றை போல்ட் போட்டு முடுக்கி வைத்திருக்கிறேன். தினமும் அதன் மேல் ஏறி நின்று பார்க்கிறேன். என் எடையைத் தாங்குகிறது.

மோகனாவிடம் சொன்னேன். வேலை முடிந்து எல்லாரும் போன பிறகு, நீ உட்கார்ந்திருந்த அதே வாசல்படியில் உட்காரவைத்துச் சொன்னேன். அவள் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "நான் பவானி ஆத்துலன்னே நெனச்சுட்டு இருந்தனுங்ப்பா. தண்ணியில விழுந்துட்டான்னா சத்தியில வேற என்னத்த நெனைப்பேன்? இன்னிக்கு வரைக்கும் பஸ்ஸு பாலத்துல ஏறுனா கண்ண மூடிக்குவேன். ஸ்கூல்ல எல்லாரும் ஆத்துக்குப் போனப்ப நான் மட்டும் போகல. நீங்க ரெண்டு பேரும் ஒரு வார்த்தை சொல்லீருக்கலாமல்லங்ப்பா?"

சொல்லியிருக்கலாம் அம்மணி என்றேன். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. நேற்று தோசை கொண்டுவந்து வைத்துவிட்டு, "சட்னில உப்பு கம்மிங்ப்பா" என்றாள். அது போதும் எனக்கு.

எந்த மண் என்று கேட்டிருந்தாய். ஊர் மயானத்தில், பள்ளத்துப் பக்கம், வேப்பமரத்துக்குக் கிழக்கே. ஒவ்வொரு ஆவணியும் போய்விட்டு வருகிறேன். வீட்டில் சொல்லிக்கொண்டு போக ஆள் இல்லாததால் யாருக்கும் தெரியாது. இப்போதெல்லாம் பெண்களும் வருகிறார்கள், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. சொன்னால் பதில் சொல்ல நான் இருக்கிறேன். நீ வா. மூடியும் உன் கண் முன்னால் பொருத்தப்படட்டும்.

பொங்கியண்ணன்


சத்தியமங்கலம்
ஜூன் 25, 2024

மோகனா அப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை வந்தபோது நான் சரியாகப் பேசவில்லை. பேச நினைத்ததெல்லாம் திரும்பும்போது புளியம்பட்டி தாண்டியதும்தான் வந்தது. அதை எழுதுகிறேன்.

வரும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தேன். புளியம்பட்டி, அன்னூர், கோவில்பாளையம், சரவணம்பட்டி. எங்கேயும் பஸ் மாறவில்லை, திரும்பவில்லை. உங்கள் வீட்டு முக்கும் என் வீட்டுத் தெருவும் ஒரே ரோட்டில்தான் இருக்கின்றன. இந்த ரோட்டில் இத்தனை காலம் இரண்டு பேரில் ஒருவர்கூட ஏறவில்லையே என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

கேட்டைத் திறந்ததும் நீங்கள் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "வாங்க" என்றீர்கள். கல்யாணமான நாளிலிருந்து என்னை 'வா, போ' என்றுதான் கூப்பிட்டிருக்கிறீர்கள். விருந்தாளியைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. மோகனா சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிக்கவும் வரவில்லை, அழவும் வரவில்லை.

மூடியைப் பொருத்தியதும் ஏறி நிற்கச் சொன்னீர்கள். ஒரு காலை வைத்தேன். அடுத்த காலை எடுக்க முடியவில்லை. அதற்குள் கயல் ஓடிவந்து என் பக்கத்தில் ஏறி நின்று, "அம்முச்சி, குதிக்கலாம்" என்று குதிக்கத் தொடங்கிவிட்டாள். என் உயிர் என் கையில் இல்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எப்போது இரண்டு காலையும் வைத்தேன் என்று தெரியவில்லை. அசையவே இல்லை அது. கீழே கல் மாதிரி நின்றது.

மயானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் விறுவிறுவென்று முன்னால் நடந்தீர்கள், எனக்குப் பின்னால் வருவதே சிரமமாக இருந்தது. பிறகு நின்றுவிட்டீர்கள். வேப்பமரம் இல்லை. போன ஆவணிக்குப் பிறகு புதிதாகக் காம்பவுண்டு சுவர் கட்டி, மண் கொட்டிச் சமப்படுத்தியிருந்தார்கள். நீங்கள் சுவர் ஓரமாகப் போனீர்கள், திரும்பி வந்தீர்கள், ஒரு இடத்தைக் காட்டினீர்கள். நான் உட்காரப் போனேன். "இரு" என்று சொல்லிவிட்டு இன்னொரு இடத்துக்குப் போனீர்கள். அப்புறம் என்னைப் பார்த்து, "இதுவா அதுவான்னு எனக்குத் தெரியல துளசி" என்றீர்கள்.

இடம் தெரியாமல் போனதற்காக நான் அழுதேன் என்று நினைத்திருப்பீர்கள். "மன்னிச்சுக்க" என்றுகூடச் சொன்னீர்கள். அதற்காக இல்லை. தெரியவில்லை என்று என்னிடம் வந்து சொன்னீர்களே, அதற்காகத்தான். அன்றைக்கும் உங்களுக்கு என்ன செய்வதென்று தெரியாமல்தான் இருந்திருக்கிறது. அதை என்னிடம் சொல்லாமல் கடப்பாரையையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டீர்கள். நான் பெட்டியை எடுத்துக்கொண்டேன்.

இரண்டு இடத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தோமே, அந்த நேரம் எனக்கு நன்றாக இருந்தது. நீங்கள் அவன் எப்படி நடப்பான் என்று சொன்னீர்கள். வலது செருப்பை எப்போதும் இடது காலில் போட்டுக்கொள்வான் என்று சொன்னீர்கள். நான் அதை மறந்தே போயிருந்தேன். எனக்கு மறந்துபோன ஒன்று உங்களிடம் பத்திரமாக இருந்திருக்கிறது.

அங்கேயே வந்து இருந்துவிடச் சொல்லி மோகனா கேட்டாள். முடியாது என்று சொல்லிவிட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. எனக்கு இங்கே ஒரு வீடு, அக்கம்பக்கம், சாயங்காலம் என்னிடம் பாடம் படிக்க வருகிற பிள்ளைகள் எல்லாம் இருக்கின்றன. இதையெல்லாம் நானாக உண்டாக்கினேன். விட்டுவிட்டு வர மனமில்லை. நீங்கள் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

துளசிமணி


சரவணம்பட்டி
ஜூலை 8, 2024

துளசிக்கு,

தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. நீ இங்கேயே இருந்துவிடுவாய் என்று நானும் நினைக்கவில்லை. வந்தாயே, அதுவே பெரிது.

பாத்ரூமில் தண்ணீர் நன்றாக இறங்குகிறது. மழையும் பெய்தது. மூடி ஓரத்தில் ஒரு சொட்டுகூட உள்ளே போகவில்லை. மாப்பிள்ளை நல்ல எண்ணத்தில், "மாமா, நாலு பூந்தொட்டி வாங்கி மேல வெச்சா அழகா இருக்கும்ங்க" என்றார். வேண்டாம் மாப்பிள்ளை, அது தெரியட்டும் என்றேன். அவர் மோகனாவைப் பார்த்தார். மோகனா தலையசைத்தாள்.

மூடியின் பக்கவாட்டில் பூட்டு மாட்ட ஒரு கொக்கிதான் இருந்தது, நீ பார்த்தாய். நீ போன பிறகு அதைக் கழற்றி வெல்டிங் கடைக்குக் கொண்டுபோய், எதிர்ப்பக்கமும் ஒரு கொக்கி வைத்துக்கொண்டு வந்தேன். இப்போது இரண்டு பூட்டு. இரண்டையும் திறந்தால்தான் மூடி எழும். ஒரு சாவி என்னிடம் இருக்கிறது. இன்னொன்று இந்தக் கவருக்குள் இருக்கிறது. பேப்பரில் சுற்றி ஒட்டியிருக்கிறேன், பிரிக்கும்போது கீழே விழுந்துவிடப்போகிறது, பார்த்து எடு.

மோகனா சண்டைக்கு வந்தாள். "அவசரம்னா என்னங்ப்பா பண்ணுவீங்க? அம்மா சத்தியில இருக்காங்க."

"ஒரே ரோடுதான அம்மணி" என்றேன்.

நீ சாவியை வைத்துக்கொள்ள விரும்பவில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடு. நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். ஆனால் அந்த மூடியை இனி நான் ஒருவனாகத் திறக்கவும் கூடாது, ஒருவனாக மூடவும் கூடாது என்று எனக்குத் தோன்றியது. முன்பு தோன்றியிருக்க வேண்டியது.

பொங்கியண்ணன்


சத்தியமங்கலம்
ஜூலை 16, 2024

மோகனா அப்பாவுக்கு,

சாவி பத்திரமாக வந்தது. திருப்பி அனுப்பப்போவதில்லை. வீட்டுச் சாவிக்கொத்திலேயே கோத்துவிட்டேன், இனி எங்கே போனாலும் இடுப்பில் இருக்கும். பூட்டுக்கு அவ்வப்போது எண்ணெய் விடுங்கள். மழையில் நின்றால் இறுகிவிடும், அப்புறம் நான் வந்து சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டிருக்க வேண்டும். எந்தப் பக்கத்துப் பூட்டு என்னுடையது என்று ஒரு கோடு போட்டு வையுங்கள்.

போன வாரம் மோகனா கயலைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்திருந்தாள். பஸ் பாலத்தில் ஏறியபோது கண்ணைத் திறந்தே வைத்திருந்தாளாம். "ஆத்துல தண்ணி கம்மியாத்தான் இருக்குதும்மா" என்று வந்ததும் வராததுமாகச் சொன்னாள். சாயங்காலம் மூன்று பேரும் படித்துறைக்குப் போய்க் கால் நனைத்தோம். முதல் தடவை. அவள் என் கையை விடவே இல்லை.

ஆவணி முதல் ஞாயிறு காலை பஸ்ஸுக்கு வருகிறேன். மயானத்துக்குப் போவோம். எது அவன் இடம் என்று இனி நீங்கள் தேடி அலைய வேண்டாம். பூவை இரண்டு பங்காக வாங்கி வையுங்கள். இரண்டு இடத்திலும் வைப்போம். ஒன்று தமிழ்ச்செல்வனுக்கு. இன்னொன்று அங்கே இருக்கிற யாரோ ஒருத்தி பெற்ற பிள்ளைக்கு. அவளுக்கும் இடம் தெரியாமல் இருக்கலாம்.

துளசி